திருகோணமலையை விட்டுப் போகிற அன்றைக்கு

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் கதை எழுத உட்காரவில்லை. கொழும்பிலிருந்து வரும் ஒரு சஞ்சிகை கட்டுரைப் போட்டி வைத்திருந்தது. தலைப்பு, 'உலகில் முதலிடத்தில் இருக்கும் வல்லரசு அந்த இடத்தை எவ்வளவு காலம் காப்பாற்றலாம்?' முதற்பரிசு ஒரு மேசை மணிக்கூடு. ஐம்பத்தேழாம் ஆண்டு முடியப் போகிறது. ரஷ்யாக்காரன் வானத்தில் ஒரு சந்திரனைச் செய்து ஏவிவிட்டான். அமெரிக்கக்காரன் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். இங்கிலீசுக்காரன் திருகோணமலையில் கொடியை இறக்கி மடித்துவிட்டான். இப்படியொரு நேரத்தில், கல்முனையில் நாலாம் வகுப்புக்குப் பூமிசாத்திரம் படிப்பிக்கும் ஒருவனுடைய கருத்தைக் கேட்காமல் உலகம் எப்படி மேலே போகும்?

எழுதினேன்.

ரோமாபுரி தொடக்கம் இன்றுவரை உலக சரித்திரத்தை ஆராய்ந்து நோக்குமிடத்து, எழுச்சியும் வீழ்ச்சியும்

(இதை இங்கேயே விட்டுவிடுகிறேன். 'நோக்குமிடத்து' என்று எழுதிய பிறகு ஒரு மனிதன் உண்மை பேசியதாக நான் கேள்விப்பட்டதில்லை.)

ரோமாபுரியைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? சாய்ந்தமருதில் ஒரு வீட்டைப் பற்றித் தெரியும். அங்கேயும் ஒரு வல்லரசு இருந்தது. அதன் பெயர் கலந்தர். ஆகவே கட்டுரைக்குப் பதிலாகக் கதை எழுதுகிறேன். மணிக்கூட்டை யாராவது கொண்டுபோகட்டும்.

2

முதல் தொடக்கம்: 'கடல் இரைந்துகொண்டிருந்தது.'

எங்கள் கரையில் அது எப்போது இரையாமல் இருந்தது? வெட்டு.

இரண்டாம் தொடக்கம்: 'கலந்தர் தம் வீட்டில், தம் விறாந்தையில், தம் கன்வஸ் கதிரையில், தம்'

ஒரே வாக்கியத்தில் எத்தனை 'தம்'! வெட்டலாம் என்று பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன். அந்த மனிதர் அப்படித்தான் இருந்தார்.

யுத்த காலத்தில் திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்கு ஆடும் முட்டையும் கொடுத்தவர் அவர். ஜப்பான்காரன் குண்டு போட்ட கையோடு ஊரே மூட்டை முடிச்சோடு வெளியே ஓடியது. கலந்தர் ஆடுகளை ஓட்டிக்கொண்டு உள்ளே போனார். சமையற்கட்டுக்குப் பொறுப்பான துரை அவர் தோளில் தட்டி ஏதோ சொன்னார். சொன்னது விளங்கவில்லை, தட்டியது விளங்கியது. அந்த ஒரு தட்டுக்காக இத்தனை வருஷ விசுவாசம். யுத்தம் முடிந்து ஊருக்குப் போகும்போது துரை கொடுத்த மடிப்புக் கதிரைதான் விறாந்தையின் நடுவில் இருப்பது. மண்சுவராக இருந்த வீட்டை அந்தச் சம்பாத்தியத்தில்தான் அவர் கல்வீடாக்கி ஓடு போட்டார். ஊரில் 'நேவிக் காக்கா', அதாவது கடற்படை அண்ணன், என்றால் போதும், சின்னப்பிள்ளையும் வீட்டைக் காட்டும்.

(கதிரை, மேசை, அலுமாரி எல்லாம் போர்த்துக்கேயன் விட்டுப்போன சொற்கள். லாச்சி ஒல்லாந்தனுடையது. உலகத்தை ஆண்டவர்கள் கடைசியில் எங்கள் கரையில் விட்டுப்போவது தளபாடம்தான் போலும். கட்டுரைக்கென்று குறித்து வைத்திருந்தேன். கட்டுரை இல்லையென்றாகிவிட்டது. வீணாக்க மனமில்லாமல் இங்கே போடுகிறேன்.)

3

மூன்று வருஷம் பின்னுக்குப் போக வேண்டும். கலந்தரின் மூத்த மகள் சபூறாவின் கல்யாணப் பேச்சு.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்காக: இங்கே மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவார். வீடு மூத்த மகளுக்கு. கொஞ்சக் காலம் தாயின் அடுப்பிலேயே எல்லாருக்கும் உலை கொதிக்கும். பிறகு தாயும் தகப்பனும் உலையை வேறாக்கிக்கொண்டு, வீட்டுக் காணியான வளவின் பின்பக்கம் ஒரு குடிலைப் போட்டு நகர்ந்துவிடுவார்கள். அந்தக் 'கொஞ்சக் காலம்' எவ்வளவு என்பதைக் கல்யாணத்துக்கு முன்னரே பேசி முடிக்க வேண்டும்.

மாப்பிள்ளை மசூர், மருதமுனையில் தறி வைத்திருக்கும் குடும்பம். தகப்பன் இல்லை. தாய் றபீக்கா பெண்களோடு திரைக்கு அந்தப் பக்கம் இருந்தாள். இந்தப் பக்கம் மசூரின் சாச்சா, தகப்பனின் தம்பி சீனிமுகம்மது. நடுவில் மரைக்கார் மஜீட். எங்கள் ஊரில் ஒவ்வொரு தாய்வழிக் குடிக்கும் பள்ளிவாசலில் ஒரு மரைக்கார் உண்டு. குடிக்குள் நடக்கும் நல்லது கெட்டது எல்லாம் அவர் வாயால்தான் முடிய வேண்டும்.

"அப்ப ஊட்ட எப்ப புள்ளைக்கு உட்டுக் குடுக்கிற, கலந்தர் காக்கா?" என்று மரைக்கார் கேட்டார்.

கலந்தருக்கு நாள் குறிக்க மனமில்லை. வீட்டை மகளுக்குக் கொடுப்பதில் அவருக்கு ஆட்சேபம் கிடையாது. கொடுத்த பிறகு தாம் எங்கே உட்காருவது என்பதுதான் பிரச்சினை. முகட்டைப் பார்த்தார். ஓடுகளை எண்ணுவதுபோல் பார்த்தார். பிறகு ஒரு பெரிய யோசனை வந்தவரைப்போல நிமிர்ந்தார்.

"இங்கிலீசுக்காரன் திருகோணமலைய உட்டுட்டுப் போற அண்டைக்கு, நானும் இந்த ஊட்ட உட்டுட்டுப் போறன்."

விறாந்தையில் ஒரே சிரிப்பு. சுதந்திரம் கொடுத்தாலும் கடற்படையை வைத்திருப்பவன் வைத்திருப்பவன்தான். கலந்தரைப் பொறுத்தவரை அது உலகம் முடிகிற கியாமத்து நாளுக்கு முந்தின நாள்.

திரைக்கு அந்தப் பக்கமிருந்து றபீக்காவின் குரல் வந்தது: "ஓம். நாங்க பொருந்திக்கிட்டம்."

திரும்பிப் போகும் வழியில், வண்டிலுக்குள் சீனிமுகம்மது குதித்தாராம்: "என்ன மதினி, அந்த ஆள் பகிடி பண்றார், நீங்க ஓம் எண்டிட்டீங்க!" றபீக்கா வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னாளாம்: "இந்தியாவையே உட்டுட்டுப் போனவன், ஒரு துறைமுகத்தக் கட்டிப் புடிச்சிக்கிட்டா கெடப்பான்? சும்மா வாங்க."

ஆக, இரண்டு பக்கமும் தான்தான் வென்றதாக நினைத்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தது. மரைக்கார் பாத்திஹா ஓதினார். ஓதி முடிந்த பேச்சு எங்கள் ஊரில் முடிந்த பேச்சு. மகாராணியின் கடற்படையை ஒரு கல்யாணத்துக்குப் பிணை வைத்த ஊர் உலகத்தில் வேறு இருந்தால் எனக்கு அறியத் தாருங்கள்.

4

அதன் பிறகு கலந்தர் உலக அரசியலில் இறங்கினார். வேறு வழியில்லை. பொழுது சாயும்போது கல்முனை பசாரில் செல்லத்தம்பியின் தேத்தண்ணிக் கடைக்குப் போய், பற்றரி றேடியோவுக்குப் பக்கத்து வாங்கில் உட்காருவார். மற்றவர்கள் உலகச் செய்தி கேட்பார்கள். கலந்தர் தம் வீட்டுச் செய்தி கேட்டார்.

சுயஸ் கால்வாய்க்குப் படையோடு போன இங்கிலீசுக்காரன், அமெரிக்கக்காரன் முறைத்ததும் திரும்பி வந்தபோது, அவர் வாங்கை றேடியோவுக்கு இன்னும் கிட்ட இழுத்துப் போட்டார்.

"காக்கா, இனி உலகத்துக்குப் பெரியவன் அமெரிக்கக்காரன்தான்" என்றார் செல்லத்தம்பி, தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே. "இங்கினியாகலையில அவன் கட்டினதப் பாத்தீங்கதானே, எப்பிடி அணை!"

"இங்கிலீசுக்காரன் சின்னவனுக்கு இடம் குடுத்திரிக்கான்" என்றார் கலந்தர். "அது பெரிய மனிசன்ட குணம்."

ஒரு வருஷம் போவதற்குள் ரஷ்யாக்காரனின் சந்திரன் மேலே போய் 'பீப் பீப்' என்றது.

"இப்ப?" என்று கலந்தர் கேட்டார்.

செல்லத்தம்பி யோசித்தார். "அமெரிக்கக்காரன்ட காலமும் முடிஞ்சி போல கிடக்கு."

"பாத்தீங்களா! ஒரு வருஷம் தாக்குப் புடிக்கல்ல. எங்கட ஆள் எத்தின வருஷமா நிக்கிறான்!"

அந்த மனிதருடைய கடைசிச் சந்தோஷம் அதுதான். அதே மாதம் நடுப்பகுதியில், திருகோணமலையில் இங்கிலீசுக் கொடி இறங்கி எங்கள் கொடி ஏறிவிட்டது என்று அதே றேடியோ சொன்னது. கடையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். கலந்தர் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார். வீடுவரை நடந்தே போனார். அவருக்குப் பயமாக இருந்தது. வீடு போய்விடும் என்ற பயமில்லை. வீடு மகளிடம்தானே போகும்? விறாந்தையில் கால் நீட்டி, போகிற வருகிறவனிடம் ஸலாம் வாங்கிக்கொண்டு, 'நேவிக் காக்கா' என்று இருந்த ஒரு ஆள் நாளைக்குக் கிணற்றடியில் குந்தியிருக்கும் ஒரு கிழவனாகிவிடுவான் என்ற பயம். இதை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. நான்தான் உங்களிடம் சொல்கிறேன்.

இரண்டாம் நாள் சீனிமுகம்மது சைக்கிளில் வந்து இறங்கினார். றபீக்கா சொல்லியனுப்பியிருந்தாள்: சபூறாவுக்குப் பிள்ளை பிறப்பதற்கு முன் வீடு கைக்கு வர வேண்டும். வராவிட்டால் மசூர் தறிக்குத் திரும்பி வரட்டும்.

மசூர் நல்ல பிள்ளை. நல்ல பிள்ளைகளிடம் ஒரு கோளாறு உண்டு, தாய் சொன்னால் கேட்பார்கள். சபூறாவுக்கு அப்போது நிறைமாதம். அவள் தகப்பனின் கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"வாப்பா, அவங்க போயிட்டா நான் என்ன செய்ற?"

"அவன் எங்க போவான்?" என்றார் கலந்தர், தெருவைப் பார்த்துக்கொண்டு. "கொடிதானே எறங்கின? எண்ணெய்த் தாங்கி இரிக்கி. கப்பல் நிக்கிது. போகல்ல மகள், அவன் இன்னும் போகல்ல."

அவள் உள்ளே போய் அழுதாள். கலந்தருக்கு அது கேட்டது. வெற்றிலைத் தட்டைச் சத்தமாக இழுத்து வைத்தார்.

5

இங்கே என் பேனை நின்றுவிட்டது. காரணம் பரீனா.

கலந்தரின் மனைவி. மூன்று பிரதி எழுதினேன். மூன்றிலும் அவள் வருகிறாள், தேத்தண்ணி வைக்கிறாள், போகிறாள். முதற் பிரதியில் இஞ்சித் தேத்தண்ணி. இரண்டாவதில் வெறும் தேத்தண்ணி. மூன்றாவதில் வர்ணனைக்காகக் கோப்பையின் விளிம்பில் ஒரு உடைவு சேர்த்தேன். அவள் வாயைத் திறக்கவேயில்லை.

நானும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. வல்லரசுகளைப் பற்றிய கதை, அதில் அடுப்படிக்கு என்ன வேலை என்று இருந்துவிட்டேன். உலக சரித்திரத்தையும் இப்படித்தான் எழுதியிருக்கிறார்கள், ஆகையால் நான் தனியாக வெட்கப்படப் போவதில்லை.

அவளை இப்போதைக்கு அடுப்படியிலேயே விட்டுவிட்டு, ஆண்களிடம் போவோம். அவர்கள் முக்கியமான ஒரு விஷயம் பேசுகிறார்கள்.

6

பிரித்தானியப் பேரரசு முடிந்துவிட்டதா இல்லையா என்று தீர்மானிக்கும் பொறுப்பு, ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து, பள்ளிவாசல் முன்றலில், மரைக்கார் மஜீட்டின் தலையில் விழுந்தது. ஐக்கிய நாடுகள் சபை அன்றைக்கு வேறு வேலையாக இருந்திருக்க வேண்டும்.

"கொடி எறங்கிட்டு. ஆள் போயிட்டான். ஊட்டக் குடுங்க" என்றார் சீனிமுகம்மது.

"கொடி துணி" என்றார் கலந்தர். "நீங்க நெய்யிற சாமான்தானே? துணி எறங்கினா ஆள் போனதா?"

மரைக்கார் தாடியைத் தடவினார். திருகோணமலைக்கு லொறி ஓட்டும் நல்லரெத்தினத்தைக் காரைதீவிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். அவர் கோயிலுக்குப் போகும் உடுப்போடு வந்து, பள்ளிவாசல் மதிலுக்கு வெளியே மரியாதையாக நின்று சாட்சி சொன்னார்.

"கொடி நம்மட கொடிதான் பறக்குது. ஆனா வெள்ளக்காரனும் நிக்கிறான். சாமான் கட்டுறான்."

"எப்ப கட்டி முடிப்பான்?"

"அது அவனுக்கே தெரியாது போல, மரைக்கார். ஒரு பெட்டியக் கட்டுறான், பிறகு அவிழ்த்துப் பாக்கிறான்."

மரைக்கார் நீண்ட நேரம் யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். கடைசி வெள்ளைக்காரன் கப்பலேறும்வரை அவன் போனதாகக் கொள்ள முடியாது. அதுவரை பேச்சு அப்படியே நிற்கும். பிரித்தானியப் பேரரசுக்குச் சாய்ந்தமருதில் தவணை கிடைத்தது. லண்டனுக்கு யாரும் அறிவிக்கவில்லை.

சீனிமுகம்மது முகம் சிவந்து சைக்கிளை எடுத்தார். "அப்ப நான் மசூரக் கூட்டிக்கிட்டே போறன்" என்று நேரே வீட்டுக்கு மிதித்தார். கலந்தர் குடையை விரித்துக்கொண்டு, வென்றவரின் நடையில் பின்னால் போனார்.

7

கேற்றடியில் நின்ற சீனிமுகம்மதுவைத் தாண்டிப் போய்க் கதிரையில் சாய்ந்தார். சாப்பாட்டு நேரம். வெற்றி பசியைக் கூட்டியிருந்தது.

"பரீனா! சோறு?"

அடுப்படிக்குள்ளிருந்து சபூறா வந்தாள். கையெல்லாம் சாம்பல்.

"உம்மா பின்னால, வாப்பா."

பின்வாசல் படிவரை போனார். கிணற்றுக்கு அந்தப் பக்கம், யுத்த காலத்தில் ஆடு கட்டிய கொட்டில் இருந்தது. இப்போது அது கூட்டிப் பெருக்கிச் சாணம் மெழுகி, புதுக் கிடுகு வேய்ந்து கிடந்தது. உள்ளே மூன்று கல். கல்லின் மேல் பானை. பரீனா குந்தியிருந்து ஊதிக்கொண்டிருந்தாள். மீன் ஆணத்தின் வாசம் படிவரை வந்தது.

"என்ன புள்ள இது?"

"உலைய வேறாக்கிட்டன்."

"மரைக்கார் தவண தந்திட்டார். அவன் இன்னும் போகல்ல!"

"அவன் எப்ப போனா எனக்கென்ன? அவனுக்கிட்டயா நான் ஊடு வாங்கின?"

"நான் கட்டின ஊடு!"

"கல்லு உங்கட. வளவு என்ட உம்மாட. உம்மா எனக்குத் தந்த. நான் என்ட புள்ளைக்குக் குடுத்திட்டன்." விறகைத் தள்ளிவிட்டாள். "திருகோணமலையில கப்பல் நிக்கிற ஜெட்டியக் கட்டினதும் அவன்தானே? கட்டினவன் எண்டு ஆரும் வச்சிக்கச் சொன்னாங்களா?"

கலந்தர் ஒரு படி இறங்கி, திரும்ப ஏறினார்.

"அண்டைக்குத் திரைக்கு அங்கால நானும்தான் இருந்த" என்றாள் பரீனா. "ஊட்ட எப்ப குடுக்கிற எண்டு ஒருத்தரும் என்னட்டக் கேக்கல்ல. கேட்டிருந்தா அண்டைக்கே சொல்லியிருப்பன். புள்ள அழுறது உங்களுக்குக் கேக்கல்லியா?"

(கதாபாத்திரம் தானாகவே பேசிவிட்டது என்று எழுத்தாளர்கள் பெருமையடிப்பார்கள். பொய். மூன்று பிரதியிலும் அவள் வாயில் தேத்தண்ணியை ஊற்றி அடைத்தவன் நான். கதையை எங்கேயாவது கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய நெருக்கடி வந்ததும், வழி விட்டேன். வழி விட்டதும், அவள் கதையையே கொண்டுபோய்விட்டாள்.)

8

இனி முடிவு. கைவசம் சில இருக்கின்றன.

(அ) கலந்தர் வீட்டுக்குள் சபூறாவின் அடுப்பிலிருந்து சாப்பிடுகிறார். அப்படியானால் வீடு மகளுடையது, அவர் விருந்தாளி.

(ஆ) படியிறங்கிப் போய்ப் பரீனாவின் அடுப்பில் சாப்பிடுகிறார். அப்படியானால் அவர் வீட்டை விட்டுப் போய்விட்டார்.

(இ) இரண்டிலும் சாப்பிடாமல், கடைசி வெள்ளைக்காரன் கப்பலேறும்வரை கதிரையில் இருக்கிறார். இது வீரம். ஆனால் நல்லரெத்தினம் சொன்னபடி அவன் பெட்டியை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டுகிறான்.

(ஈ) வெள்ளம். இந்த மார்கழியில் வந்ததே, அதைக் கொண்டுவரலாம் என்று நண்பரொருவர் சொன்னார். எல்லாரையும் ஒரே கூரையில் ஏற்றி, ஒருவர் கையை ஒருவர் பிடிக்கவைத்து முடித்துவிடலாமாம். அந்த வெள்ளத்தில் எங்கள் பகுதி பட்டது போதும், எனக்கு முடிவு எழுதித் தரவும் அது வர வேண்டாம்.

போட்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது: பின்னாலிருந்து சோறு வரும்வரை. இதை இருபது பக்கத்துக்குக் குறையாமல் எழுத வேண்டுமென்று விதியில் போட்டிருக்கிறீர்கள். மன்னிக்கவும்.

எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லி நிறுத்துகிறேன்.

கேற்றடியில் சீனிமுகம்மது சைக்கிளைப் பிடித்தபடி நிற்கிறார். பெண்கள் அடுப்பை மாற்றினால் மாற்றட்டும், விறாந்தையில் அந்தக் கதிரை கிடக்கும்வரை வீடு கைமாறியதாகத் தாம் மருதமுனைக்குப் போய்ச் சொல்ல முடியாது என்கிறார். மசூர் உடுப்புப் பெட்டியோடு நடு அறையில் நிற்கிறான். பெட்டியை எடுக்கவுமில்லை, வைக்கவுமில்லை. சபூறா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். ஒரு கை வயிற்றில்.

கலந்தர் அடுப்படித் தட்டில் தம் பீங்கான் கோப்பையைத் தேடினார். அவர் மட்டும் சோறு போட்டுச் சாப்பிடும் பெரிய கோப்பை. அங்கே இல்லை. பின்வாசலால் எட்டிப் பார்த்தார். கொட்டிலில், பரீனாவின் கோப்பைக்குப் பக்கத்தில், கழுவிக் கவிழ்த்திருந்தது. அவள் அவரைக் கூப்பிடவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. ஆனால் கோப்பையை மறக்காமல் கொண்டுபோயிருந்தாள்.

விறாந்தைக்கு வந்தார். மகளின் முகத்தை அன்றைக்குத்தான் நேராகப் பார்த்தார். பிறகு குனிந்து, துரை கொடுத்த கதிரையின் இரண்டு பக்கத்தையும் பிடித்தார்.

கதிரை மடியவில்லை. யுத்தம் முடிந்த நாளிலிருந்து விரித்தது விரித்தபடி கிடந்ததில், உப்புக் காற்றுக்குப் பிணைச்சல் இறுகித் துருவேறிவிட்டது. கலந்தர் இழுத்தார். முழங்காலை வைத்து அழுத்தினார். மூச்சு வாங்கியது. மசூர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கிட்ட வந்தான்.

"மாமா, நான் புடிக்கட்டா?"

கலந்தர் என்ன சொன்னார் என்பதை நான் எழுதப் போவதில்லை. அதை நீங்கள் சொல்லுங்கள். ஆனால் அதிக நேரம் எடுக்காதீர்கள். கேற்றடியில் சாச்சா வெயிலில் நிற்கிறார், சபூறாவுக்குக் கால் வலிக்கிறது, கொட்டிலில் பரீனா இன்னும் தன் கோப்பையில் சோறு போடாமல் இருக்கிறாள்.